ஓரமா நிக்கிற பிள்ளைக்கு என்ன வேலை? சின்னப் பிள்ளைகளுக்கான கூட்டு விளையாட்டுகள்: ஓர் ஒப்பீடு

வருசத்தில் இரண்டு தடவை எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். பொங்கல் கழிந்ததும் வருவது இது: "தெருவுல போட்டி வச்சோம். பெரிய பிள்ளைங்க பரிசத் தூக்கிட்டுப் போயிட்டு. சின்னதுக எல்லாம் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போச்சு. அடுத்த வருசம் வேற என்ன வைக்கலாம்?" சித்திரை லீவுக்கு முன்னால் வருவது இது: "அக்கா பிள்ளைங்க, மைனி பிள்ளைங்கன்னு எட்டு பேரு வராங்க. மூணு வயசுலேருந்து ஏழு வயசு வரைக்கும். போனைக் கையில குடுக்காம சாய்ங்காலம் ஒரு மணி நேரம் எப்படி ஓட்ட?"

நான் ஒன்பது வருசம் மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தவள். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு வளவில், அதாவது ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் இருக்கிற இடத்தில், குடியிருக்கிறேன். எங்கள் வளவு முற்றத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். ஜெயிப்பு தோல்வி இல்லாமல், எல்லாரும் சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கிற மாதிரியான விளையாட்டுகளைத்தான் அங்கே அதிகம் ஆடுகிறோம். அதில் நிலைத்து நின்றவை ஐந்து. எல்லா இடத்துக்கும் எல்லாம் பொருந்தாது. எது யாருக்கு என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து அளக்கிறேன்

முதல் அளவுகோல், ஓரமா நிக்கிற பிள்ளை. எந்தக் கூட்டத்திலும் ஒன்றிரண்டு பிள்ளைகள் சுவரை ஒட்டியே நிற்கும். வாடான்னா வராது, போன்னா போகாது. அந்தப் பிள்ளைக்கு இந்த விளையாட்டில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஓடத் தெரிந்த பிள்ளைக்கு எந்த விளையாட்டானாலும் சரிதான், அது பாட்டுக்கு ஓடும்.

அடுத்தது வயசு. மில்ட்ரெட் பார்ட்டன் என்கிற ஆய்வாளர் இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து 1932-ல் எழுதியது இன்றைக்கும் எங்கள் முற்றத்தில் அப்படியே நடக்கிறது. சின்னப் பிள்ளை முதலில் தனியாக விளையாடும். அப்புறம் இன்னொரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அதே மண்ணை அள்ளி, ஆனால் அது வேறு இது வேறாக விளையாடும். ஒரு காரியத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, சேர்ந்து முடிக்கிற விளையாட்டு நாலு வயசை ஒட்டித்தான் மெல்ல வரும். மூன்று வயசுப் பிள்ளையிடம் "எல்லாரும் சேர்ந்து செய்யணும்" என்றால் அதன் காதில் அது வெறும் சத்தம்.

மூன்றாவது, விழுகிற பழி. கூட்டு விளையாட்டு என்றாலே மனசு நோகாது என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் முதல் வருசம் அப்படித்தான் நினைத்தேன். போட்டியில் தோற்கிற பிள்ளை தனியாகத் தோற்கும். கூட்டு விளையாட்டில் காரியம் கெட்டால் பத்துப் பேர் ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். "இவனாலதான் டீச்சர்!" இது இன்னும் மோசம். ஆகவே தப்பு யாருடையது என்று தெரியாதபடி விளையாட்டு அமைந்திருக்கிறதா என்பதும் ஒரு கணக்கு.

மற்றபடி எத்தனை பெரியவர்கள் வேண்டும், தரை எப்படி, வெயில் காற்று எப்படி, கையிலிருந்து என்ன போகும் என்கிற வழக்கமான கணக்குகள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு வயசுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நம் ஒரு மணி நேர விளையாட்டு அதில் ஒரு பங்குதான். பாக்கி நேரம் பிள்ளை தார்சாவுக்கும் அடுப்படிக்கும் ஓடுகிற ஓட்டத்தில் கழிய வேண்டும். அதற்கு விட்டுவிடுங்கள்.

## வழக்கமான போட்டி: அதையும் சேர்த்தே எடை போடுவோம்

மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், சாக்கு ஓட்டம். இவற்றைத் திட்டுவது எளிது. ஆனால் அறுபது பிள்ளைகள் கூடியிருக்கிற தெரு விழாவில், கையில் மைக்கும் எவர்சில்வர் டப்பாப் பரிசும் இருக்க, ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் போட்டிக்கு இணையாக எதுவும் கிடையாது. ஏழு வயசுக்கு மேல் பிள்ளைகளுக்கே போட்டி வேண்டும். எங்கள் வளவு ஆச்சி ஒரு நாள் திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, "ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்லன்னா அது என்னளா வெளையாட்டு?" என்று கேட்டாள். ஆச்சி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏழெட்டு வயசுக்காரனிடம் போய் "எல்லாரும் ஜெயிச்சாச்சு" என்றால் அவன் நம்மைக் கேலியாகப் பார்ப்பான்.

ஆனால் ஐந்து வயசுக்குக் கீழே கணக்கு வேறு. பத்துப் பிள்ளை, ஒன்பது நாற்காலி. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஆட்டம் பதின்மூன்று பதினான்கு நிமிடம் ஓடும். முதலில் வெளியே போகிற பிள்ளை ஒன்றரை நிமிடம் ஆடிவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்கும். முதலில் வெளியே போவது யார்? பாட்டு நின்றதைக் கவனிக்கத் தெரியாத, கால் இன்னும் வசப்படாத, வயசில் சின்னப் பிள்ளை. யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைக்கே குறைச்சலாகக் கிடைக்கிறது. நாலு வயசுக்கு மியூசிக்கல் சேர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அழுகையைவிட இதுதான் காரணம்.

## சேலை விளையாட்டு

வெளிநாட்டுப் பள்ளிகளில் வண்ண வண்ணமாக வட்டப் பாராசூட் துணியை வைத்து ஆடுவார்கள். ஆன்லைனிலும் கிடைக்கிறது. நான் வாங்கவில்லை. இரண்டு பழைய பூனம் சேலையை நடுவில் வெட்டி, நாலு துண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டருக்கு நாலரை மீட்டர் துணி வரும். ஆளுக்கு ஒரு மீட்டர் என்று பார்த்தாலும் சுற்றிலும் பதினான்கு பிள்ளைகள் பிடிக்கலாம். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் விரல் அங்கேதான் இறுகும்.

பருத்திச் சேலை கைக்கு நன்றாகப் பிடிபடும், ஆனால் மேலே எழாது. கனம். மெல்லிய பூனம் சேலைதான் சட்டென்று தூக்கினால் அடியில் காற்றைப் பிடித்துக்கொண்டு கூடாரம் மாதிரி எழும்பி, பைய இறங்கும். அந்த இறக்கத்துக்காகவே பிள்ளைகள் இருபது தடவை கேட்பார்கள். நெசவில் காற்று புகுந்து வெளியேறாத துணியாக இருக்க வேண்டும். கொசுவலைத் துணியில் ஒருத்தர் முயன்று பார்த்துவிட்டு, எழவே இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

முதல் ஆட்டம், பந்து. துணி நடுவில் ஒரு பிளாஸ்டிக் பந்து. கீழே விழாமல் எல்லாரும் சேர்ந்து அலைக்கழிக்க வேண்டும். இதில்தான் நான் சொன்ன பழி வரும். யார் கை தளர்ந்ததோ அந்தப் பக்கம் பந்து உருளும், எல்லார் கண்ணும் அங்கே போகும். அதற்கு வழியை ஒரு நாள் பிள்ளைகளே காட்டிக் கொடுத்தார்கள். ஒருத்தி தன் கையிலிருந்த காகிதப் பந்தையும் துணிமேல் போட்டாள். அடுத்தவன் செருப்பைப் போட்டான். செருப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி முப்பது உருண்டை செய்து போட்டேன். பொரி பொரிகிற மாதிரித் துள்ளுகிறது, நாலா பக்கமும் சிதறுகிறது. எது யார் பக்கம் விழுந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் காலியான பிறகு எல்லாரும் ஓடிப் பொறுக்கிப் போட வேண்டும். துணியைப் பிடிக்க மாட்டேன் என்று சுவரோரம் நிற்கிற பிள்ளையும் அப்போது குனிந்து ஒரு உருண்டையை எடுக்கும். பல பிள்ளைகள் எங்கள் கூட்டத்துக்குள் வந்த வழி அதுதான்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் தெருவெல்லாம் தண்ணீர். மச்சு வீட்டில் மூன்று குடும்பம் ஏறியிருந்தோம், ஏழு பிள்ளைகள், கரண்ட் இல்லை. பெரியவர்கள் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்றே பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் முகம் சுண்டிப்போய்க் கிடந்தது. கொடியில் கிடந்த ஒரு சேலையை நாலாக மடித்து, நாலு பேர் பிடிக்க, ஒரு உருட்டிய காலுறையை அதில் எறிந்து எறிந்து பிடித்தார்கள். எட்டுக்குப் பத்து அறையிலும் ஆடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மறைந்திருக்கும் செலவு: தைக்கூலி எனக்கு இருநூறு ரூபாய் ஆனது. அது பெரிசில்லை. காற்றுதான் பெரிய செலவு. ஆனி ஆடியில் பணகுடி, வள்ளியூர் பக்கம், காற்றாலை நிற்கிற ஊர்களில் இதை மொட்டை மாடியில் விரித்தால் துணி பாய்மரம் ஆகிவிடும், மூன்று வயசுப் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே சுவர் மறைவு உள்ள முற்றம் வேண்டும். துணிக்கு அடியில் எல்லாரும் ஒரே நேரத்தில் புகுந்து ஓடவும் விடக்கூடாது. தலையும் தலையும் முட்டிக்கொள்ளும். இரண்டு பேர் பெயரைச் சொல்லி, அவர்கள் இடம் மாற விடுங்கள்.

## தேர் இழுப்பு

ஆனி மாதம் திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் தேர் ஓடும். கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நாலு ரத வீதி. பெரியவர்கள் வடம் பிடிப்பதை ஒரு தடவை தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு இந்த விளையாட்டை விளக்கவே வேண்டாம். காய்கறிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று, அதன் இரண்டு பக்கமும் கட்டிய தடித்த பருத்திக் கயிறு, உள்ளே ஒரு பூசணிக்காய். அவ்வளவுதான் தேர். முற்றத்தின் நாலு முக்கையும் சுற்றி, பூசணிக்காய் உருண்டு விழாமல் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சாமிக்குப் பதில் பூசணிக்காய் என்பது யோசித்துச் செய்ததுதான். எங்கள் வளவில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் உண்டு. தேர் என்கிற பிள்ளையும் இழுக்கும், சப்பரம் என்கிற பிள்ளையும் இழுக்கும்.

இதன் பலம் வேலைப் பங்கீடு. வடம் பிடிக்கிறவர்கள் உண்டு. பின்னால் தள்ளுகிறவர்கள் உண்டு. தட்டில் கரண்டியால் மேளம் அடிக்க ஒருத்தர். எல்லாவற்றையும்விட முக்கியமானது சறுக்குக்கட்டை. ஓடுகிற தேரை நிறுத்தவும், முக்கில் திருப்பவும் சக்கரத்துக்குக் கட்டை போடுவார்களே, அந்த வேலை.

எங்களிடம் நாலரை வயசில் ஒரு பையன் வந்தான். மூன்று சனிக்கிழமை வாசல் கேட் பக்கத்திலேயே நின்றான். கூப்பிட்டால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவான். நாலாவது வாரம் இரண்டு தேங்காய் மட்டையை அவன் கையில் கொடுத்து, "இதைத் தூக்கிக் காட்டினா தேர் நிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேர் அவன் பக்கம் வரும்போது ஒரு மட்டையைத் தோள் உயரத்துக்கு, அரை மனசாகத் தூக்கினான். முன்னால் நின்ற பெரிய பிள்ளை "ஏல நில்லுங்கல, கட்டை!" என்று கத்த, பத்துப் பேரும் நின்றுவிட்டார்கள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு அந்த ஒரு சுற்றில் பதினாறு தடவை தேரை நிறுத்தினான். இழுக்கிறவர்களுக்குக் கடுப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கட்டையைத் தூக்கிக் காட்டி, எல்லாரும் நின்ற பிறகுதான் கீழே வைக்க வேண்டும். இது கண்டிப்பான விதி. ஓடும்போது வைத்தால் விரல் நசுங்கும். இந்த விதியில் இன்னொரு லாபமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிற்பது சின்னப் பிள்ளைகளுக்கு ஓடுவதைவிடக் கஷ்டம். அது இங்கே தானாகப் பழகுகிறது.

மறைந்திருக்கும் செலவு: நைலான் கயிறு வாங்கிவிடாதீர்கள், உள்ளங்கை உரிந்துவிடும். ஒரு பிள்ளை திடீரென்று வடத்தை விட்டால் மற்றவர்கள் பின்னால் சாய்வார்கள், ஆகவே தரை மண்ணாக இருப்பது நல்லது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் விழுவதற்குச் சுகம், ஆனால் கிரேட் புதையும், இழுக்க இன்னும் நாலு கை வேண்டும். வேலைகளுக்குச் சண்டை வரும். குறிப்பாக மேளத்துக்கு. ஒவ்வொரு முக்கிலும் வேலை மாற வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சண்டை பாதியாகும், முழுசாகப் போகாது. கிரேட்டுக்குள் பிள்ளையை உட்கார வைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். நான் விடுவதில்லை. கவிழ்ந்தால் பிடரியில் அடிபடும்.

## பாய் விளையாட்டு

மியூசிக்கல் சேரின் தலைகீழ். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு பாய் குறையும், பிள்ளை குறையாது. ஐந்து கோரைப் பாயில் ஆரம்பித்து, கடைசியில் ஒரே பாயில் பத்துப் பேரும் ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பத்தமடைப் பட்டுப் பாயை இதற்கு எடுக்காதீர்கள். கல்யாணத்துக்கு வந்த பாயாக இருந்தால் அப்புறம் வீட்டில் வேறு விளையாட்டு நடக்கும். சாதாரணப் படுக்கைப் பாய், பழசாக இருந்தால் இன்னும் நல்லது.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை "இங்கன வா, இங்கன வா" என்று இழுத்து இடம் கொடுப்பது இதில்தான் நடக்கும். ஆட்டம் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் நாலு தடவை திரும்பக் கேட்பார்கள்.

பிரச்சினை, உடம்பு உடம்போடு ஒட்டுவது. சில பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. பிடிக்காத பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொல்வது தப்பு. "ஒரு கால் பெருவிரல் பாய்மேல பட்டாப் போதும்" என்று விதி வைத்திருக்கிறேன், அதிலேயே அந்தப் பிள்ளைக்கு விலகி நிற்க வழி கிடைத்துவிடும். மொசைக், டைல்ஸ் தரையில் பாய் வழுக்கும். அடியில் ஈரத் துணி விரிக்க வேண்டும், இல்லையானால் மண் தரைக்குப் போக வேண்டும்.

காது கேளாத பிள்ளை இருந்தால் பாட்டு நின்றது அதற்குத் தெரியாது. காது கேளாத பிள்ளைகளுக்கு 1897-லேயே பள்ளி தொடங்கிய ஊர் இந்தப் பாளையங்கோட்டை. எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பாட்டை விட்டுவிட்டு ஒரு சிவப்புத் துண்டை உயரே ஆட்டுங்கள். துண்டு கீழே இறங்கினால் எல்லாரும் பாய்க்கு ஓட வேண்டும். கேட்கிற பிள்ளைகளும் துண்டையேதான் பார்த்தாக வேண்டும் என்பதால் எல்லாருக்கும் ஒரே கஷ்டம். தேரில் கட்டை தூக்கிக் காட்டுவதும் அதே வசதிதான்.

## புலியும் ஆடும்

சங்கிலி புங்கிலி என்று பல ஊரில் சொல்வது. எல்லாரும் கைகோத்து வட்டம், உள்ளே ஆடு, வெளியே புலி. வட்டம் ஆட்டைக் காப்பாற்ற வேண்டும். ஏழு வயசுக்காரர்கள் வந்து "போட்டியே இல்லையா?" என்று முகத்தைத் தூக்கினால் நான் எடுப்பது இதைத்தான். புலிக்கு எதிராகப் போட்டி உண்டு, வட்டத்துக்குள் எல்லாரும் ஒரு கட்சி. ஆச்சிக்கும் இது ஒன்றுதான் ஒத்துக்கொண்டது.

ஐந்து வயசுக்குக் கீழே வேண்டாம். சின்னதுகளுக்குப் புலி நிஜமாகவே பயம். இன்னொரு காரணம் முழங்கை. ஒன்றிலிருந்து நாலு வயசு வரை பிள்ளைகளுக்கு நீட்டிய கையைச் சட்டென்று இழுத்தால் முழங்கையில் எலும்பைச் சுற்றியிருக்கும் தசைநார் வழுக்கி இடம் மாறிவிடும். பிள்ளை அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொண்டு அழும். டாக்டரிடம் போனால் ஒரு நொடியில் சரி செய்துவிடுவார். எண்ணெய் போட்டு நீவ உட்காரக் கூடாது. இந்த விளையாட்டில் புலி கைச் சங்கிலியை உடைத்துப் பாய்வது வழக்கம், அதை நான் எடுத்துவிட்டேன். புலி குனிந்து நுழையலாம், உடைக்கக் கூடாது. வட்டம் கையை இறக்கித் தடுக்கலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆடும் புலியும் மாற வேண்டும்.

முதல் புலியாகப் பெரியவர் ஒருத்தர் இருந்தால் நல்லது. வேண்டுமென்றே தோற்கத் தெரிந்த பெரியவராக. எங்கள் தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி இதற்கு வந்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவே மாட்டார்கள்.

## தட்டாமாலை

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கைகோத்துச் சுற்றுவது, சுற்றி முடித்ததும் எல்லாரும் பொத்தென்று உட்காருவது. மூன்று வயசுக்கு இதைத் தாண்டி எதுவும் தேவையும் இல்லை. செலவு கிடையாது, பொருள் கிடையாது, ஆச்சி ஒருத்தியே நடத்திவிடலாம். வேகம் மட்டும் பெரிய பிள்ளைகள் கையில் போகக் கூடாது. சாப்பிட்டவுடன் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| விளையாட்டு | நன்றாக ஓடும் வயசு | பிள்ளைகள் | பெரியவர்கள் | ஓரமா நிக்கிற பிள்ளைக்கு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| வழக்கமான போட்டி | 7-க்கு மேல் | எத்தனை பேரானாலும் | 2, 3 | வேலை இல்லை | முதலில் வெளியேறுவது சின்னப் பிள்ளை |
| சேலை | 3 முதல் | 6 முதல் 14 | 1, 2 | உருண்டை பொறுக்கலாம் | காற்று, அடியில் தலை மோதல் |
| தேர் | 4 முதல் | 8 முதல் 15 | 1, 2 | சறுக்குக்கட்டை, மேளம் | கயிறு, விரல், வேலைச் சண்டை |
| பாய் | 4 முதல் | 6 முதல் 10 | 1 | பெருவிரல் போதும், துண்டும் ஆட்டலாம் | வழுக்கும் தரை |
| புலியும் ஆடும் | 5 முதல் | 10-க்கு மேல் | 1, 2 | வட்டத்தில் ஒரு கை | முழங்கை |
| தட்டாமாலை | 2½ முதல் 5 | 4 முதல் 10 | 1 | அனேகமாகத் தானே வந்து சேரும் | தலைசுற்றல் |

வயசெல்லாம் என் அனுபவத்தில் போட்டது. உங்கள் வீட்டு மூன்று வயசு தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், ஓரத்தில் நின்று இழுக்கட்டும்.

## யாருக்கு எது

லீவுக்கு எட்டுப் பேர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு: சேலையும் தேரும் போதும். முதலில் சேலை, ஏனென்றால் ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாலே விளையாட்டில் சேர்ந்த மாதிரி. அடுத்த நாள் தேர். சாயங்காலம் ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் நாலு மணிக்கு முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. பிள்ளை கேட்கும் முன்னாலேயே தண்ணீர் கொடுத்துவிடுங்கள். ஆட்ட மும்முரத்தில் அதற்குத் தாகம் தெரியாது.

அங்கன்வாடி டீச்சர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "நானும் ஆயாம்மாவும் ரெண்டே பேரு, இருபது பிள்ளைங்க. எல்லாம் மூணு நாலு வயசு." இருபது பேரை ஒரே விளையாட்டில் சேர்க்காதீர்கள். பத்துப் பேர் ஆயாம்மாவோடு தட்டாமாலை, பத்துப் பேர் உங்களோடு சேலை, பத்து நிமிடத்தில் மாற்றுங்கள். கயிறு இருக்கிற எதையும் அந்த எண்ணிக்கைக்கு நான் சொல்ல மாட்டேன்.

அபார்ட்மெண்ட் பிறந்தநாள் என்றால் பாய். பட்டுப் பாவாடை, பஃப் கை கவுனோடு வருகிற பிள்ளைகளைத் தேர் இழுக்கச் சொன்னால் அம்மாமார் முகம் போகிற போக்கு தெரியும். கேக் வெட்டுவதற்கு முன்னால் ஆடுங்கள். கேக்குக்கு அப்புறம் பாய் பாயாக இருக்காது.

பொங்கல் விழாக் கமிட்டிக்காரர்களுக்கு: போட்டியை ஒழிக்க வேண்டாம், யாரும் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஏழு வயசுக்கு மேல் போட்டி அப்படியே நடக்கட்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் தேர். பரிசு எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஆளுக்கு ஒரு துண்டு கரும்பு. எங்கள் பக்கத்துத் தெருவில் இப்படிச் செய்ய ஒரே ஒரு எதிர்ப்பு வந்தது. நன்கொடை கொடுத்த ஒருத்தர், தன் பேரன் முதல் பரிசு வாங்கிப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். பேரனை மேளம் அடிக்க விட்டு, அதைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படம் இப்போது அவர் வீட்டுப் பட்டாசலில் தொங்குகிறது.

கலந்த வயசு, அதில் இரண்டு முரட்டுப் பெரிய பிள்ளைகள், சமாளிக்க ஒரே ஆள் நீங்கள் என்றால், அந்த இரண்டு பேரையும் புலி ஆக்காதீர்கள். தேரில் பின்னால் தள்ளுகிற வேலை கொடுங்கள். பலம் அங்கே செலவாகும், யார் மேலும் இடிக்காது.

சேலையை மாதம் ஒரு முறை துவைத்து, தையலை விரலால் இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது பிரிந்திருந்தால் அன்றைக்கே தைத்துவிடுங்கள். சனிக்கிழமை நாலரை மணிக்கே கதவைத் தட்டுவார்கள், தையல்காரர் அண்ணாச்சி அன்றைக்குப் பார்த்துக் கடை திறந்திருக்க மாட்டார்.